அடிக்கணக்கு

ஸ்ரீரங்கத்துக்காரனுக்குத் தண்ணீர் விஷயத்தில் ஒரு திமிர் உண்டு. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, ஆறு கொண்டுவந்து கொட்டிய மணல்மேல் வளர்ந்தவன் நான். கோடையில் அடிபம்பு கொஞ்சம் முனகும். இன்னொரு பைப்பை இறக்கினால் சரியாகிவிடும். அதே நினைப்போடுதான் எடமலைப்பட்டி புதூரில் மனை வாங்கி, போர் வண்டியைக் கூப்பிட்டேன்.

முதலில் செம்மண் வந்தது. பிறகு விரலால் நசுக்கினாலே உதிர்கிற உக்கிப்போன பாறை. அறுபதடி வாக்கில் தூள் சேறாக வந்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலியோரம் நின்றபடி, "தம்பி, இங்கெல்லாம் மேல் ஊத்துதான். பேசாம கிணறா வெட்டிருங்க" என்றார். நான் சிரித்துக்கொண்டேன். போகப் போகத்தானே தண்ணீர்! சரிவு விழாமலிருக்கக் கேசிங் பைப்பை இறக்கி, அந்த ஈரத்தையும் அடைத்துவிட்டுக் கீழே போகச் சொன்னேன்.

முந்நூறு அடிக்குமேல் அடிக்கூலி ஏறும். ஏறட்டும் என்றேன். ராடு மேல் ராடாக இறங்கியது. தெரு முழுக்கப் புழுதி. எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்த வேட்டியெல்லாம் சாம்பல். ஐந்நூறை நெருங்கும்போது வண்டிக்காரர் ஒரு கை தூளை அள்ளி என் உள்ளங்கையில் போட்டார்.

"ஒரே கல்லுதான் சார். ஒரு வெடிப்புகூட வரல. நிறுத்திரலாமா?"

நீலம் ஓடிய சாம்பல் நிறம். சூடு இன்னும் ஆறவில்லை. ஊதினேன், பறந்துவிட்டது. காலையில் வந்த சேறு குழியோரம் இன்னும் ஈரமாகவே கிடந்தது. கையைப் பார்த்தேன், சேற்றைப் பார்த்தேன். காலையிலேயே தண்ணீரைத் தாண்டிவிட்டேன். அதன் பிறகு இறங்கிய ஒவ்வோர் அடியும் அதைவிட்டு விலகிப் போக நானே காசு கொடுத்த அடி.

மணலில் இண்டுக்கு இண்டு தண்ணீர் நிற்கும். இந்தக் கல்லுக்குள் இண்டு ஏது? மேலே உக்கிய படலத்தில் நிற்கும், கீழே எங்காவது வெடிப்பு ஓடினால் அதில் நிற்கும். ஆழம் கூடக்கூடப் பாரத்தில் வெடிப்பும் இறுகிவிடும். தமிழ்நாட்டில் ஏறத்தாழ முக்கால் பங்கு நிலத்துக்கு அடியில் கெட்டிப்பாறைதான். அதிலும் ஜாதி உண்டு. வரிவரியான நைஸ் பாறை பொதுவாகக் கொஞ்சம் ஆழம்வரை உக்கும். எனக்கு வாய்த்த சார்னோகைட் அவ்வளவு சுலபத்தில் அசையாது. அதற்குப் பேர் தந்த ஆங்கிலேயர் ஜாப் சார்னாக்குக்குக் கல்கத்தாவில் வைத்த கல்லறைக் கல் இதுதான், சென்னைப் பக்கத்திலிருந்து போனது. கல்லறைக்கு வாகான கல்லில் நான் குடிதண்ணீர் தேடியிருக்கிறேன்.

மாடி கட்ட வைத்திருந்த பணம் அந்தக் குழிக்குள் போனது. மழைத்தண்ணீரையாவது அதில் விடலாமென்று குழாய் திருப்பினேன். குழி நிரம்பி வாசலில் வழிந்தது. கொடுத்தாலும் வாங்காத கல். கடைசியில் குழிக்கு இரும்பு மூடி போட்டுவிட்டு, பெரியவர் காட்டிய மூலையில் கிணறு வெட்டினோம். மாசிவரை தாங்கும். அப்புறம் லாரி.

தெருவில் போர் வண்டி வந்தால் இப்போதெல்லாம் நானும் வேலியோரம் போய் நிற்கிறேன். மேலே வரும் சேற்றைக் காட்டி ஏதாவது சொல்லிப் பார்ப்பேன். அவர்களும் சிரித்துக்கொள்கிறார்கள்.