காயத்தின் ஈடும் அரசின் இறையும்

தமிழாசிரியனுக்கு வருமான வரிச் சட்டத்தில் என்ன அலுவல் என்று பழைய மாணவர் சிலர் வினவக்கூடும். சொற்பொருள் ஆராய்தல் எம் தொழில். ஊதியம் வேறு, ஈடு வேறு என்று காட்டுவதும் அத்தொழிலின் பாற்பட்டதே.

நம் முன்னோர் இவ்வேறுபாட்டை அறிந்திருந்தனர். போர்க்களத்தில் உயிர்நீத்த வீரனின் வழியினர்க்கு அளிக்கப்பெற்ற நிலத்துக்கு உதிரப்பட்டி என்று பெயர். அதனை இறையிலியாகவோ குறைந்த இறைக்கோ விடுவது வழக்கம். உதிரத்துக்கு ஈடாகக் கொடுத்ததில் அரசே பங்கு கேட்டல் முறையன்று அன்றோ?

இக்காலத்தும் பிரித்தானியாவின் 2003ஆம் ஆண்டுச் சட்டம் படைவீரரின் காய, ஊன ஓய்வூதியங்களுக்கு வரிவிலக்கு அளிக்கின்றது. ஐக்கிய அமெரிக்காவிலோ, போர்த்தொடர்பான ஊனத்தால் விலகியோர்க்கு அளித்த ஒருமுறைத் தொகையிலிருந்து 1991 முதல் முறையின்றி வரி கழிக்கப்பட்டு வந்தது. 2016இல் தனிச்சட்டம் இயற்றி, 2018இல் 1,30,000க்கு மேற்பட்டோர்க்குக் கடிதம் விடுத்து, அவ்வரியைத் திரும்பப் பெற வழிசெய்தனர்.

இந்தியாவில் 2001ஆம் ஆண்டு அறிவுறுத்தல், ஊன ஓய்வூதியத்தின் சேவைப் பகுதி, ஊனப் பகுதி ஆகிய இரண்டுக்கும் விலக்குண்டு என்றது. 2019 ஜூன் 24ஆம் நாள் மத்திய நேரடி வரிகள் வாரியம் விடுத்த சுற்றறிக்கையோ, ஊனத்தின் காரணமாகப் படையினின்று விலக்கப்பட்டோர்க்கே அவ்விலக்கு உரியது, வயது நிரம்பி ஓய்வுபெற்றோர்க்கு இல்லை என்றது. முன்னாள் வீரர் உச்ச நீதிமன்றத்தை நாடினர். இருந்த நிலையே தொடர்க என அந்நீதிமன்றம் அவ்வாண்டு ஆகஸ்டில் ஆணையிட்டது.

சலுகை கருதி ஊனம் கோருவோர் பெருகுவர் என்ற அச்சத்தை யான் எள்ளவில்லை. ஆயினும் அதற்குப் பரிகாரம் மருத்துவக் குழுவின் கண்டிப்பே. காயத்தோடும் கடமையில் நின்றவன், நின்ற காரணத்தாலேயே விலக்கை இழத்தல் நீதியாகாது.

நானுஓயாவில் வகுப்பிலே உதிரப்பட்டியை விளக்கியபோது, தேயிலைத் தொழிற்சாலையில் தந்தை இரு விரல்களை இழந்த மாணவன் ஒருவன் எழுந்தான். “சேர், அப்பாவுக்குக் கிடைத்த நட்டஈட்டுக்கும் வரி உண்டா?” என்று கேட்டான். இல்லை என்றேன். 1934ஆம் ஆண்டு வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் அவ்வீட்டைப் பெறும் உரிமையைத் தந்தது. 2017ஆம் ஆண்டு உண்ணாட்டு இறைவரிச் சட்டமோ, உடற்காயத்துக்கு நட்டஈடாகப் பெறும் மூலதனத் தொகையை வரியினின்றும் விலக்கியுள்ளது. போர்வீரனுக்கும் தோட்டத் தொழிலாளிக்கும் நியாயம் ஒன்றே. உழைத்துப் பெறுவது வருமானம். இழந்ததற்குப் பெறுவது வருமானம் ஆகாது.

ஆதலின் மாணவச் செல்வர்களே, சட்டம் பயிலச் செல்வோர் தமிழையும் உடன்கொண்டு செல்க. ஒரு சொல்லின் வரையறையிலே ஓர் ஏழைக் குடும்பத்தின் உலை கொதிப்பதும் அணைவதும் உண்டு.