சுமந்தவர்களின் சிகரம்

புத்தளம் கரையோரத்தில் பிறந்த பிள்ளைக்குப் 'பனி' என்றால் மார்கழி விடியலில் தென்னோலையிலிருந்து சொட்டும் நீர்த்துளிதான். மண்ணை மூடி மாதக்கணக்கில் உறைந்து கிடக்கும் பனியை இங்கு எவரும் கண்டதில்லை. வெண்மையான மலை என்று நாம் அறிந்ததெல்லாம் பாலாவி உப்பளங்களில் வாரிக் குவிக்கப்படும் உப்புக் குவியல்களே. ஆகவே, பனிமலைகளைப் பற்றி வகுப்பிலே பேச நேரும்போது அந்தக் குவியல்களையே நான் உவமையாகக் கொள்வது வழக்கம்.

காரகோரம் மலைத்தொடரில் 8,611 மீற்றர் உயர்ந்து நிற்பது கே-2 சிகரம். உயரத்தில் உலகில் இரண்டாவது. 1954 ஜூலை 31இல் இத்தாலியர் இருவர் முதன்முதலாக அதன் உச்சியை அடைந்தனர். அவர்களுக்கு வேண்டிய பிராணவாயு உருளைகளை முதல்நாள் மேலே சுமந்து சென்றவர்கள், வால்டர் பொனாட்டி என்ற இத்தாலிய இளைஞரும் ஹுன்சாவைச் சேர்ந்த அமீர் மஹ்தி என்ற சுமையாளரும் ஆவர். கூடாரம் பேசிய இடத்தில் இருக்கவில்லை. 8,000 மீற்றருக்கு மேலே, திறந்த பனிச்சரிவில் இருவரும் இரவைக் கழித்தனர். மஹ்தியின் கால்விரல்கள் குளிரில் கருகிப் போயின.

இக்கதையைக் கேட்ட மாணவி ஒருத்தி, "ஐயா, அந்த மனிதருக்குக் கூலி எவ்வளவு?" என்றாள். அவளுடைய தாய் உப்புப் பாத்தியில் நின்று வேலை செய்பவள். கொதிக்கும் வெயிலில் உப்பை வாரி, கூடையில் சுமந்து, குவியலின் மேல் ஏறிக் கொட்டுபவள். உவர்நீர் அரித்த பாதங்களைத் தினந்தோறும் காணும் பிள்ளைக்கு, சிகரத்தின் உயரத்தைவிடச் சுமையின் விலையே முதலில் தோன்றியதில் வியப்பென்ன?

அவள் கேள்வி பழங்கதையோடு முடிவதன்று. 2014 ஏப்ரல் 18இல் எவரெஸ்டின் கும்பு பனியருவியில் பனிப்பாளம் சரிந்து 16 நேபாளத் தொழிலாளர் மாண்டனர். பணம் கொடுத்து ஏற வந்தோருக்காகப் பாதையைச் சீர்செய்து, சுமைகளை மேலேற்றிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்.

குளிர்காலத்தில் மலை இன்னும் கொடியது. சூறைக்காற்று மென்பனியைச் சீவியெறிய, கண்ணாடிபோல் இறுகிய பனிக்கட்டியே எஞ்சும். காற்றழுத்தம் தாழ்வதால் மூச்சுக்குக் கிடைக்கும் பிராணவாயுவும் குறையும். காலணியில் பூட்டிய இரும்புப் பற்களையும் கைக்கோடரியின் முனையையும் அடிக்கு அடி குத்தி, கயிற்றைப் பனியில் பொருத்தியே ஏறவேண்டும். 8,000 மீற்றருக்கு மேற்பட்ட 14 சிகரங்களுள் 13இல் 2016க்குள் மனிதர் குளிர்காலத்தில் ஏறிவிட்டனர். கே-2 மட்டும் எஞ்சியிருந்தது.

2021 ஜனவரி 16இல் அதையும் வென்றவர்கள் பத்து நேபாளியர். அவர்களுள் ஒன்பது பேர், தலைமுறை தலைமுறையாகப் பிறருக்குச் சுமை தூக்கியும் கயிறு கட்டியும் வந்த ஷெர்ப்பா மக்கள். வெவ்வேறு குழுக்களாக வந்தவர்கள் மலையிலே ஒன்றுகூடினர். உச்சிக்குச் சில மீற்றர் கீழே, முந்தியவர் பிந்தியவருக்காகக் காத்து நின்றனர். பின்னர் தம் நாட்டுக் கீதத்தைப் பாடியபடி அனைவரும் ஒன்றாக நடந்தனர். முதலில் கால் வைத்தவர் யாரென்ற கேள்விக்கே அங்கு இடமிருக்கவில்லை.

சுமப்பவன் தனக்காக ஏறும் நாளில் சிகரம் தனியொருவனின் புகழ்மேடையாக இருக்க வேண்டியதில்லை என்பதை அவர்கள் காட்டினார்கள். ஆனால் அந்த ஒரு நாளின் பெருமை கூலிக் கணக்கைத் தீர்த்துவிடாது. மலையிலாயினும் உப்பளத்திலாயினும் அக்கணக்கைக் கேட்கும் பிள்ளைகளை உருவாக்குவதே ஆசிரியராகிய நமது பணி.