பெயரும் பிழையும்

பெயரைப் பிழைபட அழைத்தால் மனிதர் முகஞ் சுளித்தேனும் திருத்துவர். கணனிக்கு அப்பண்பு கிடையாது. தான் தேடாத பெயரைக் கண்டால் அது பேசாது கடந்துவிடும். லினக்ஸ் கேர்ணலுக்காக வன்பொருளை விவரிக்கும் ‘டிவைஸ் ட்ரீ’ கோப்புக்களை எழுதுவோர் பலர் இம்மௌனத்தால் அல்லலுற்றவரே.

பி.சி.ஐ. பாட்டையில் பொருத்தப்படும் கருவி தன்னை இன்னதெனத் தானே அறிவிக்கும். சில்லுக்குள்ளே பதிந்துள்ள கருவிகளோ அவ்வாறு அறிவிப்பதில்லை. எந்த முகவரியில் எது உள்ளதென யாரேனும் எழுதித்தர வேண்டும். 1994இல் ஐ.ஈ.ஈ.ஈ. 1275 என நியமமாகிய ‘ஓப்பின் ஃபேம்வெயார்’ இதனை ஒரு மரவடிவிற் செய்தது. ஏ.ஆர்.எம். பலகைகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நிரல் பெருகியதை 2011இல் லினஸ் டோர்வால்ட்ஸ் கடிந்துகொண்ட பின்னர், அப்பலகைகளும் இம்முறைக்கு விரைந்து மாறின.

மரத்தின் ஒவ்வொரு கணுவுக்கும் பெயருண்டு. அது செய்தொழிலைச் சுட்டவேண்டுமேயன்றி வணிகப் பெயரைச் சுட்டலாகாது. ‘சீரியல்’, ‘ஈதர்நெட்’ என்பன போல. அதனையடுத்து @ குறியும், பதினாறடி எண்முறையில் முகவரியும் வரும். அம்முகவரி ‘ரெக்’ என்னும் பண்பின் முதல் முகவரியோடு ஒத்திருத்தல் வேண்டும். ‘கொம்பற்றிபிள்’ என்னும் பண்பிலோ தயாரிப்பாளரின் குறுக்கமும், காற்புள்ளியும், மாதிரியின் பெயரும் இடம்பெறும். ஒருமுறை வழங்கிய பெயரை எளிதில் மாற்றவியலாது. பழைய பலகையிற் பதிந்த கோப்பைப் புதிய கேர்ணலும் வாசித்தாக வேண்டுமே! ஃபிறீஸ்கேல் நிறுவனம் 2015இல் என்.எக்ஸ்.பி.யுடன் இணைந்து மறைந்தது, ‘எஃப்.எஸ்.எல்.’ என்ற அதன் குறுக்கம் இன்றும் வாழ்கிறது. ஊர் அழிந்தும் வழங்கும் ஊர்ப்பெயர் போலும்.

சொற்களைச் சிறுகோட்டால் இணைப்பது மரபு. ‘குளொக்-ஃபிறீக்குவென்சி’ என்பதிற் சிறுகோட்டுக்குப் பதிலாக அடிக்கோட்டை இளம் பொறியியலாளர் ஒருவர் இட்டுவிட்டாரென்று வைத்துக்கொள்வோம். ஐ-ஸ்குவெயாட்-சி பாட்டையை 400 கிலோஹேட்ஸில் இயக்க அவர் எண்ணியிருந்தார். கேர்ணல் தான் அறிந்த பெயரைத் தேடும், காணாது, வழமையான 100 கிலோஹேட்ஸை எடுத்துக்கொள்ளும். பிழைச் செய்தி எதுவும் வாராது. கருவி வேலைசெய்யும், மெதுவாக. கம்பியையும் சில்லையும் ஐயுற்று அவர் நாட்கணக்கைத் தொலைப்பார். முற்றாக நின்றுவிட்ட கருவியிலும் அரைகுறையாய் ஓடும் கருவியே கொடியது.

இவ்விதிகள் நெடுங்காலம் வெறும் உரைநடையாகவே கிடந்தன. வாசித்தவர் கடைப்பிடித்தனர், மற்றவர் நண்பரின் கோப்பைப் பார்த்தெழுதினர். கடந்த பத்தாண்டின் இறுதியிலிருந்து அவை யமல் வடிவ வரைமுறைகளாக மாற்றப்பட்டு வருகின்றன. இப்போது ஒரு கட்டளையிட்டாற் பொறியே கோப்பைச் சோதிக்கும். வரைமுறையிற் கூறப்படாத பண்பெதற்கும் இடமில்லை என்னும் ஒரு வரி அதில் இருந்தாற் போதும். அந்த அடிக்கோடு அகப்பட்டுவிடும். எழுத்துக்கெழுத்து எச்சரிக்கும் இக்கண்டிப்புப் புதியவர்க்குச் சலிப்பூட்டுவதுண்டு. ஆயினும் பல நாள் தேடலோடு ஒப்பிட்டால் அச்சலிப்பு அற்பமே.

சோதனைக்கும் ஓர் எல்லையுண்டு. முகவரி ஒழுங்காக எழுதப்பட்டுள்ளதா என்பதை அது கூறும். அம்முகவரியில் அக்கருவி உண்மையில் உள்ளதா என்பதைச் சில்லின் கைந்நூலை விரித்து மனிதரே பார்க்கவேண்டியுள்ளது.