சோர் நதிக்கரையில் மணியடிப்பவர்களோடு

மைலுக்கு ஐம்பது பென்ஸ். மைலுக்கு ஒரு பவுண்டு. முழு நடைக்கும் சேர்த்துப் பத்து பவுண்டு. நன்கொடைப் படிவத்தில் இறைச்சிக் கடைக்காரர், தபால் கொண்டுவருபவர், பள்ளி ஆசிரியை என்று ஊரே கையெழுத்துப் போட்டிருந்தது. இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில், சோர் நதியை ஒட்டிய சிறு கிராமம் அது. அங்குள்ள தேவாலயக் கோபுரத்தில் ஆறு மணிகள். அவற்றைச் செப்பனிடப் பணம் வேண்டும். அதைத் திரட்ட மணியடிப்பவர்களே லஃப்பரோ நகரம் வரை நடந்தார்கள். வழியில் இருக்கும் கோபுரங்களில் ஏறி மணியடித்துவிட்டு, இறங்கி மறுபடியும் நடை. நானும் கூடப் போனேன்.

கிளம்புமுன் கோபுரத் தலைவி என்னை மேலே கூட்டிப் போனார். ஓய்வுபெற்ற செவிலியர், எழுபதைத் தாண்டியவர். ஒருவர் மட்டுமே நுழையக்கூடிய சுழல் படிக்கட்டில் எனக்கு முன்னால் மளமளவென்று ஏறிவிட்டார். மேலே ஓக் மரச் சட்டத்துக்குள் ஆறு வெண்கல மணிகள் வாய் கவிழ்ந்து தொங்கின. பெரியது ஏறத்தாழ அரை டன். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஆளுயர மரச் சக்கரம். அதன் பள்ளத்தில் கயிறு சுற்றித் தரைப்பலகைத் துளை வழியே கீழே இறங்குகிறது.

"மணிக்கு ஒரு குறையும் இல்லை. அதைச் சுற்றி இருப்பதெல்லாம்தான் கெட்டுப்போயிற்று" என்றார். சட்டத்தின் மூலையில் விரலை வைத்துக் காட்டினார். வண்டு அரித்த துளைகள். அழுத்தினால் மாவு உதிர்ந்தது. மணிகள் சுழலும்போது சட்டம் அசைகிறது. அந்த அசைவு சுவருக்குப் போகிறது. பேரிங்குகள் தேய்ந்துவிட்டதால் கயிறு இழுப்பது இரண்டு மடங்கு பாடு. மணியின் நாக்கு காலங்காலமாக ஒரே இடத்தில் அடித்து விளிம்பில் குழி விழுந்திருந்தது. மணியைக் கழற்றிக் கால் வட்டம் திருப்பி மாட்டினால் நாக்குக்குப் புது இடம் கிடைக்கும். இதில் எதையும் தன் இஷ்டத்துக்குச் செய்துவிட முடியாது. திருமண்டலத்தின் அனுமதி வேண்டும். அனுமதி கையில் இருக்கிறது. பணம்தான் பாக்கி.

இங்கிலாந்தின் மணியடிப்பு உலகின் பிற தேவாலய மணியடிப்புகளிலிருந்து வேறுபட்டது. இங்கே மணி வெறுமனே ஊசலாடுவதில்லை. வாய் வானத்தைப் பார்த்து நிற்கும் மணி, கயிற்றின் ஓர் இழுப்பில் முழு வட்டமடித்து, மறுபடியும் வாய் மேலாக வந்து நிற்கிறது. வட்டத்துக்கு ஓர் அடி. ஒரு மணிக்கு ஒரு கயிறு, ஒரு கயிற்றுக்கு ஓர் ஆள். அரை டன் உலோகம் சுழலத் தொடங்கிவிட்டால் அதை நினைத்த இடத்தில் நிறுத்த யாராலும் ஆகாது. சற்றுப் பிடித்து வைக்கலாம், சற்று முன்னதாக விடலாம், அவ்வளவே. அதனால் இந்த மணிகளில் பாட்டு வாசிக்க முடியாது. முடிவது ஒன்று: அடிக்கும் வரிசையில் பக்கத்து மணியோடு இடம் மாறுவது.

அந்த ஓர் அசைவிலிருந்து 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துக்காரர்கள் ஒரு கலையையே கட்டி எழுப்பிவிட்டார்கள். 1, 2, 3, 4, 5, 6 என்று உச்ச மணியிலிருந்து கீழிறங்கும் வரிசையில் தொடங்குகிறது. பிறகு ஒவ்வொரு சுற்றிலும் அண்டை மணிகள் இடம் மாறுகின்றன. வந்த வரிசை திரும்ப வரக்கூடாது. நம் பின்னல் கோலாட்டத்தில் கயிறுகள் பின்னிப் பின்னிப் போய், கடைசியில் சிக்கில்லாமல் பிரிவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். ஆறு மணிகளுக்கு 720 வரிசைகள், ஏழுக்கு 5,040, எட்டுக்கு 40,320. எதையும் தாளில் பார்த்து அடிப்பதில்லை; எல்லாம் மனப்பாடம். ஃபேபியன் ஸ்டெட்மன் என்ற அச்சுத் தொழிலாளி 1677இல் இதற்கென்று ஒரு நூலையே எழுதி வெளியிட்டார். அவர் அமைத்த முறைகளில் ஒன்று அவர் பெயராலேயே இன்றும் அடிக்கப்படுகிறது.

ஆற்றோரக் கால்வாய்ப் பாதையில் நடந்தோம். படகுவீடுகள், வில்லோ மரங்கள், முந்தின இரவு மழையின் சேறு. கூட்டத்தில் ஒரு கணக்காளர், ஒரு லாரி ஓட்டுநர், பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தி, அவளுடைய தாத்தா. ஒருவருக்கும் இதில் சம்பளம் கிடையாது. பயிற்சி, ஞாயிறு ஆராதனை, கயிறு மாற்றுவது, கிரீஸ் போடுவது எல்லாமே சேவை.

வழியில் ஒரு கோபுரத்தில் அந்தச் சிறுமி மணியடிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கயிற்றில் ஓர் இடத்தில் சிவப்பும் நீலமும் வெள்ளையுமாகக் கம்பளி தடித்திருக்கும். ஸாலி என்கிறார்கள். அதை இரு கைகளாலும் பற்றி இழுத்தாள், விட்டாள். ஸாலி அவள் முகத்தை உரசுவதுபோல் மேலே பறந்து கூரையருகே போய் நின்றது. கயிற்றின் நுனி மட்டும் கையில். கைகள் தலைக்கு மேல் நீண்டு, அரைக் கணம் காத்திருந்து, நுனியை இழுத்தன. ஸாலி கீழே வந்தது. அதைப் பார்க்காமலே பிடித்தாள். கண்கள் மற்றவர்களின் கயிறுகள் மீது. கயிற்றை விட வேண்டிய நேரத்தில் விடாத ஆளை அது தரையிலிருந்து தூக்கிவிடும். ஆகவே வாரக்கணக்கில் ஓர் ஆசான் எதிரே நின்று, தன் கையும் கயிற்றில் இருக்கச் சொல்லிக்கொடுக்கிறார். புத்தகத்தில் படித்து வரும் வித்தையல்ல இது.

நடைக்கு முந்தின நாள் லஃப்பரோவில் ஜான் டெய்லர் மணி வார்ப்பகத்தைப் பார்த்திருந்தேன். 1839 முதல் அந்த நகரத்தில் இருக்கிறது. 1570இல் தொடங்கிய லண்டன் வைட்சேப்பல் வார்ப்பகம் 2017இல் மூடப்பட்ட பிறகு, பிரிட்டனில் எஞ்சிய பெரிய மணி வார்ப்பகம் இதுதான். மணலும் களிமண்ணும் ஆட்டுமயிரும் குதிரைச் சாணியும் பிசைந்து அச்சு செய்கிறார்கள். முக்கால் பங்குக்குச் சற்று அதிகமாகச் செம்பு, மீதி வெள்ளீயம். வார்த்த மணியை வாய் மேலாக லேத்தில் ஏற்றி, உட்புறத்தை இழை இழையாகச் சீவிச் சுருதி சேர்க்கிறார்கள். ஒரு மணியில் ஐந்து சுரங்கள் ஒன்றோடொன்று இசைய வேண்டும். சீவியதைத் திரும்ப ஒட்ட முடியாது என்பதால் அந்த லேத்தின் முன் நிற்பவரின் செவிக்கும் பொறுமைக்கும் நான் தலை வணங்குகிறேன்.

1963 ஜூலையில் இந்த வார்ப்பகத்தின் சொந்தக் கோபுரத்தில் எட்டுப் பேர், எட்டு மணிகளின் 40,320 வரிசைகளையும் ஆள் மாறாமல் அடித்து முடித்தார்கள். கிட்டத்தட்ட 18 மணி நேரம்.

மாலையில் லஃப்பரோ வந்தோம். அனைத்துப் புனிதர்கள் ஆலயத்தின் பத்து மணிகள் அடித்ததோடு நடை முடிந்தது. கொடுத்த பணத்தில் வரி செலுத்துவோர் தந்த ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசு 25 பென்ஸ் சேர்க்கும் என்று கணக்காளர் படிவங்களை அடுக்கினார். மரச் சட்டத்துக்கு இது போதாது, பேரிங்குகளுக்குப் போதும் என்றார் தலைவி. அவருடைய பெரிய கவலை பணமல்ல. ஆறு மணிகளுக்கு அவரிடம் நிரந்தரமாக நான்கு பேர்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஆள் கேட்டு வாங்குகிறார்.

அந்தக் கவலை நியாயமானது என்றே நினைக்கிறேன். சட்டத்துக்குப் பணம் இன்றில்லாவிட்டால் நாளை வரும். கற்றுக்கொடுக்க ஆள் இருக்கும்போதே கற்க ஆள் வந்தாக வேண்டும். முதல் உலகப் போரில் சுமார் 1,400 மணியடிப்பவர்கள் மாண்டார்கள். 2018இல் வந்த போர்முடிவு நூற்றாண்டின் நினைவாக அதே அளவு புதியவர்களைத் திரட்ட நாடெங்கும் அழைப்பு விடுத்தபோது இலக்கைத் தாண்டி வந்தார்கள். கேட்டால் வருவார்கள்.

இங்கிலாந்தில் வாழும் தமிழர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் வீட்டருகே கோபுரம் இருந்தால், பெரும்பாலும் வாரத்தில் ஒரு மாலை அங்கே பயிற்சி நடக்கும், சத்தமே காட்டிக்கொடுத்துவிடும். நீங்கள் எந்த மதம் என்று கேட்கமாட்டார்கள். சங்கீதம் தெரிய வேண்டியதில்லை. பத்து வரை எண்ணத் தெரிந்தால் போதும். கதவைத் தட்டுங்கள், குழந்தைகளையும் கூட்டிப்போங்கள்.