சாறனுக்கு ஒரு தையல், சட்டைக்கு எத்தனை?

கல்முனையிலிருந்து மட்டக்களப்பு வீதியில் வடக்கே போனால் பாண்டிருப்பு, அதைத் தாண்டினால் மருதமுனை. கட்டாரில் வேலை செய்யும் எங்கள் பகுதி ஆட்கள் லீவு முடிந்து திரும்பும்போது பெட்டிக்குள் இரண்டு மருதமுனைச் சாறனாவது இருக்கும். இந்த முறை எனக்குச் சாறன் மட்டும் போதவில்லை. அதே கைத்தறித் துணியில் சட்டை தைத்து, டோஹாவில் வேலைக்கு உடுத்திப் போக ஆசை. அதனால் முதலில் தறிக்கும் பிறகு தையல் கடைக்கும் போனேன்.

தறி இருந்தது வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டிலில். நெய்துகொண்டிருந்த காக்கா கை நிற்காமல் தலையாட்டி என்னை இருக்கச் சொன்னார். கயிற்றை இழுத்தால் நாடா ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு ஓடுகிறது. மிதியை மாற்றினால் பாவு நூல்கள் மேலும் கீழுமாகப் பிரிகின்றன. அச்சு வந்து ஊடு நூலை அடித்து நெருக்குகிறது. பார்க்கப் போகிறவனின் கண்ணுக்கு இதுதான் நெசவு. ஆனால் சாயம் தோய்த்து, காயவைத்து, நூல் சுற்றி, பாவு ஓட்டி, ஒவ்வோர் இழையாக அச்சில் கோத்து முடித்த பிறகுதான் அந்த மிதியில் கால் வைக்க முடியும். திண்ணையில் நூல் சுற்றிக்கொண்டிருந்த ராத்தா இடையிடையே எழுந்துபோய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தார். கூலி பேசும்போது அந்தச் சுற்றலைத் தனியாக யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

“சுத்துற வேல பிழைச்சா நெய்யிற வேலயும் பிழைதான் மகன்” என்றார் காக்கா.

விலை ஏன் ஏறியது என்று கேட்டேன். இலங்கைத் தறிகளுக்கு நூல் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வருகிறது. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை பாய்ந்தபோது நூலும் சாயமும் கூடவே பாய்ந்தன. அது புதிய அடி. பழைய அடிகளும் உண்டு. 1970களின் முற்பகுதியில் வெளிநாட்டுத் துணி இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்தது, தறிகளுக்கு நல்ல காலம். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் ஆலைத்துணி மலிவாக வந்து இறங்கியது; பலர் தறியை விட்டார்கள். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் ஊருக்குள் வந்தபோது கரையோர வீடுகளோடு தறிகளும் போயின. இத்தனைக்கும் பிறகு எஞ்சிய தறிகளில் ஒன்றுதான் இது.

அங்கிருந்து வாங்கிய துணியோடு கல்முனைத் தையல் கடைக்கு வந்தேன். தைக்கும் காக்கா துணியைத் தொட்டதும் அளவு நாடாவை எடுக்கவில்லை, கேள்விகளை எடுத்தார். “இத நனைச்செடுத்தீங்களா? அகலம் எவ்வளவு? கட்டம் பெரிசு, ஒத்துப்பார்த்து வெட்டணும், துணி காணுமா?”

மூன்று கேள்விக்கும் காரணம் இருக்கிறது. நனைக்காத பருத்தித் துணி முதல் சலவையில் நூறு அங்குலத்துக்கு மூன்று நான்கு அங்குலம் சுருங்குவது சாதாரணம். 58 அங்குல ஆலைத்துணியில் 1¾ யார் இருந்தால் ஒரு முழுக்கைச் சட்டை முடிந்துவிடும். 36 அங்குலத் துணி என்றால் 2½ யார் வேண்டும். கட்டம் பெரிதானால் முன்பக்கம் இரண்டும், சட்டைப்பையும் கோட்டுக்குக் கோடு பொருந்த வேண்டும்; அதற்கு இன்னும் கொஞ்சம் கழிவு. பிறகு அவர் ஓரத்தில் ஓர் இழையை இழுத்து உருவினார். அது போன தடத்தில்தான் கத்தரி போனது. கைத்தறியில் நேர்கோடு அப்படித்தான் கிடைக்கும்.

அந்தக் கடையில் நின்றபோது ஒன்று விளங்கியது. மருதமுனைக்கும் கல்முனைக்கும் இடையே தூரமே இல்லை. ஆனால் நெய்கிறவருக்கும் தைக்கிறவருக்கும் பேச்சே இல்லை. சாறன் அதற்குத் தேவை வைக்கவில்லை. இரண்டு மீட்டர்த் துணியின் இரு முனையையும் சேர்த்து ஒரு தையல் ஓட்டினால் சாறன் ஆகிவிடும். கழுத்து இல்லை, கை இல்லை, ஆள் அளவு இல்லை. ஆகையால் அகலமும் கட்டமும் சாறனுக்கென்றே நிலைத்துவிட்டன. என்னைப் போன்றவர்கள் அந்தச் சாறன் துணியையே வெட்டிச் சட்டை கேட்கிறோம். துணி வீணாகிறது, தைக்கிறவர் சலிக்கிறார், நெய்தவருக்குச் செய்தியே போவதில்லை.

டோஹாவிலும் தையல்காரர்கள் இருக்கிறார்கள், நன்றாகவும் தைக்கிறார்கள், வெட்டுவது ஆலைத்துணியை. நெசவையும் தையலையும் ஒரே ஊர்ப்பக்கத்தில் வைத்துச் சட்டை செய்துகொள்ள எங்களுக்கு வாய்ப்பு இருக்கிறது. அதை லீவின் கடைசி வாரத்து அவசரத்தில் கேட்கிறோம். அதுவும் பெருநாளை ஒட்டிய லீவு என்றால், நோன்பு பாதி கழிந்ததும் தையல் கடையில் புதுத்துணி வாங்கவே மாட்டார்கள்.

மறுபடி மருதமுனைக்குப் போய், தையல் காக்கா சொன்னதைச் சொன்னேன்: கட்டம் சிறிதாக, அகலம் கூடுதலாக, ஒரே சாயத் தோய்ப்பில் வேண்டிய நூல் முழுவதும். காக்கா கொஞ்சம் யோசித்தார்.

“செய்யலாம் மகன். பாவு புதிசா ஓட்டணும். ஒரு சட்டைக்கு ஓட்ட ஏலா. பத்துப்பேர் சேர்ந்து சொன்னா ஓட்டலாம். நூலுக்கு முற்பணம் தரணும்.”

நியாயமான கணக்கு. முற்பணத்தைக் கொடுத்துவிட்டு, மீதி ஒன்பது பேரை டோஹாவில் சேர்ப்பதாகச் சொன்னேன். தையல் கடைக் காக்காவின் தொலைபேசி எண்ணையும் நெசவுக்காரக் காக்காவிடம் கொடுத்தேன். அடுத்த முறை அகலம் பற்றிப் பேச நடுவில் நான் தேவையில்லை.