சரமையின் குட்டி நக்கியதா?

சமையல் மேடையின் உயரத்தை முடிவு செய்தவர் யாரென்று தெரிந்தால் அவரிடம் நாலு வார்த்தை கேட்கலாம் என்றிருக்கிறேன். கொத்தனார் இரண்டே முக்கால் அடி என்கிறார். நின்று சமைப்பவரின் இடுப்புக் கணக்கு அது. சிப்பிப்பாறை நாயின் தோளே இரண்டடிக்குத் தொட்டும் தொடாமலும் நிற்கும்; கழுத்தை நீட்டினால் மூக்கு மேடை விளிம்பில் வந்து உட்காரும். பின்னங்காலில் எழுந்தால் மிக்சி வரை அதன் ராஜ்ஜியம். தரையில் அமர்ந்து விறகடுப்பில் சமைத்த காலத்தில் சோற்றுப் பானை நாய்க்கு இன்னும் கிட்டத்தில்தான் இருந்தது. ஆனால் அன்றைக்கு நாய் திண்ணையைத் தாண்டியதில்லை. எங்கள் வீட்டில் மேடையும் நாயும் ஏறக்குறைய ஒரே காலத்தில் உள்ளே வந்தன. இரண்டையும் கூட்டி வந்தவர்கள் நாங்கள்தான். வசவு மட்டும் நாய்க்கு.

வீரா தெற்கேயிருந்து வந்தவன். முயல் விரட்டுவதற்கென்றே வளர்த்தெடுத்த சாதி. எங்கள் எளாவூரில் முயலுக்கு எங்கே போக? காலையில் சுண்ணாம்புக்குளம் பக்கம் பழவேற்காட்டு ஏரிக்கரையின் உவர் மண்ணில் ஓடவிட்டு வந்தால் நண்பகல் வரை தாங்கும். பூநாரை வந்திறங்கும் பருவத்தில் அதுவும் கிடையாது. கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நானும் கூடவே இழுபட வேண்டும். ஓட்டம் குறைந்த அன்றைக்கெல்லாம் அடுக்களையில் ஏதாவது ஒன்று குறையும்.

வெளியூர்க்காரர்கள் எங்கள் ஊர்ப் பெயரைக் கேள்விப்பட்டிருப்பது சோதனைச்சாவடியால்தான். ஆந்திராவுக்குப் போகிற ரேஷன் அரிசி எளாவூரில் பிடிபட்டது என்று பேப்பரில் அடிக்கடி வரும். அவ்வளவு கெடுபிடி உள்ள ஊரில் என் வீட்டு மடவை மீன் ஒன்று, மஞ்சள் தடவி வைத்த சட்டியிலிருந்து சத்தமில்லாமல் எல்லை தாண்டிவிடுகிறது.

மீன்கார அம்மாவிடம் முறையிட்டேன். “இன்னாய்யா நீ! கழுவுற எடத்துலயே தலையத் தூக்கிப் போட்டு ருசி காட்டினது யாரு? அதுக்குத் தெரியுமா இது உன் பங்கு, இது அதும் பங்குன்னு?” என்றார். சொல்லி முடிப்பதற்குள் அவர் கூடையில் இருந்த ஏரி நண்டு ஒன்று பாடம் நடத்திவிட்டது. பழவேற்காட்டு ஏரி நண்டுக்குக் கொடுக்கை மடக்கிச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டுவார்கள். சிங்கப்பூர் வரை அப்படியே உயிரோடு போகிற சரக்கு. அன்றைக்கு ஒன்றுக்குக் கட்டு நெகிழ்ந்திருந்தது. வீரா மூக்கை நுழைத்தான். அவன் போட்ட ஊளையைத் தெருவே கேட்டது. அதற்குப் பிறகு மீன் கூடையைச் சுற்றிக்கொண்டு போவானே தவிரக் கிட்டே வரமாட்டான்.

நண்டு திட்டவில்லை, செய்தித்தாளைச் சுருட்டவில்லை, ‘மறுபடி செய்வியா’ என்று கேட்கவுமில்லை. மூக்கு வந்தது, கொடுக்கு மூடியது. நாம் தருகிற தண்டனையோ மீன் வயிற்றுக்குள் போய்ச் சேர்ந்த பிறகு, சட்டி காலி என்று தெரிந்து, கூச்சல் போட்டு, ஆளைத் தேடிப் பிடித்துக் கொடுப்பது. அதற்குள் நாய் வாசலில் படுத்து ஈ ஓட்டிக்கொண்டிருக்கும். அதன் கணக்கில் ஈ ஓட்டியதற்குத்தான் அடி.

மேடையில் தினமும் மீன் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. பி. எஃப். ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் எலிகளை வைத்துச் சோதனை செய்து வந்தார். நெம்புகோலை அழுத்தினால் தீனி உருண்டை விழும். உருண்டைகளை அவரே உருட்ட வேண்டும். ஒரு சனிக்கிழமை மதியம் கணக்குப் பார்த்தால் இருப்பு திங்கட்கிழமைக்குள் தீர்ந்துவிடும் போலிருந்தது. சரி, ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஏன் கொடுக்க வேண்டும், நிமிடத்துக்கு ஒன்று போதுமே என்று குறைத்தார். எலி சலிக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தது. எப்போதாவது மட்டும் கிடைக்கிற தீனி, விட முடியாத பழக்கத்தை உண்டாக்குகிறது என்கிற பெரிய ஆராய்ச்சிக்கு இந்தச் சிக்கனம்தான் வழி திறந்தது. என்றைக்கோ ஒருநாள் மறந்துபோய் வைத்த அரைத் துண்டு வறுவலுக்காக வீரா தினமும் மேடையை மோந்து பார்ப்பதும் அதே கதைதான்.

அடி என்றதும் எனக்கு மகாபாரதம் வந்துவிடும். நாய்க்காகச் சொர்க்கமே வேண்டாம் என்ற தருமனை எல்லோருக்கும் தெரியும். அது கடைசியில் வருவது. ஆதிபர்வத்தின் தொடக்கத்தில் ஒரு நாய்க்குட்டி அடி வாங்குகிறது, அதை யாரும் பேசுவதில்லை. குருட்சேத்திரத்தில் மன்னன் ஜனமேஜயன் நெடிய வேள்வி ஒன்றில் இருக்கிறான். சுருதசேனன், உக்கிரசேனன், பீமசேனன் என்று தம்பிகள் மூவரும் உடனிருக்கிறார்கள். அந்தப் பக்கமாக ஒரு குட்டி வருகிறது. தேவலோக நாய் சரமையின் பிள்ளை. தம்பிகள் அடிக்கிறார்கள். அது அழுதுகொண்டே தாயிடம் ஓடுகிறது.

இந்தத் தாயை எனக்குப் பிடிக்கும். பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழவில்லை. நீ ஏதாவது தப்புப் பண்ணியிருப்பாய், இல்லாவிட்டால் ஏன் அடிக்கப் போகிறார்கள் என்றுதான் முதலில் கேட்கிறாள். குட்டியின் வாக்குமூலம் வக்கீல் எழுதிக் கொடுத்த மாதிரி இருக்கிறது: நான் ஒரு தப்பும் செய்யவில்லை; அவிசை நக்கவில்லை, அதைப் பார்க்கக்கூட இல்லை. நக்கவில்லை என்பது சரி. பார்க்கவும் இல்லையாம்! அவிசு என்பது தேவர்களுக்குப் படைக்கிற நெய், சோறு. இந்தியாவின் மிகப் பெரிய கதை, அடுக்களைத் திருட்டுக் குற்றச்சாட்டு ஒன்றோடு வாசலைத் திறக்கிறது.

சரமை நேரே வேள்விச் சாலைக்குப் போய்க் காரணம் கேட்கிறாள். அரச குடும்பத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. குற்றமில்லாதவனை அடித்ததால், எதிர்பாராத அச்சம் ஒன்று உன்னைத் தேடி வரும் என்று சபிக்கிறாள். ஜனமேஜயன் நடுங்கிப்போய், வேள்வி முடிந்ததும் சாபத்தைத் தணிக்க ஒரு புரோகிதரைத் தேடி அலைகிறான். பின்னால் பாம்புகளையெல்லாம் நெருப்பில் இட்டு வேள்வி செய்யப்போகிற மன்னன், ஒரு நாயின் கேள்விக்குப் பதில் இல்லாமல் நின்றான்.

2009-இல் நியூயார்க்கின் பார்னார்ட் கல்லூரியில் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 14 நாய்களை வைத்து ஒரு சோதனை செய்தார். தின்னக்கூடாது என்று சொல்லி ஒரு பண்டத்தை வைத்துவிட்டு எஜமானர் வெளியே போவார். திரும்பியதும் உங்கள் நாய் தின்றுவிட்டது என்று அவரிடம் சொல்வார்கள். சில சமயம் அது பொய். காதை மடக்கி, கண்ணைத் திருப்பி, வாலைத் தாழ்த்தும் அந்தக் ‘குற்றவாளி முகம்’, தின்றதற்கும் தின்னாததற்கும் சம்பந்தமில்லாமல், திட்டு விழுந்தால் வந்தது. தின்னாமலே திட்டு வாங்கிய நாய்களிடம் இன்னும் கூடுதலாக வந்தது. அடிக்கும்போது சரமையின் குட்டியும் அந்த முகத்தோடுதான் நின்றிருக்கும். பார், திருட்டு முழி முழிக்கிறது என்று தம்பிகள் இன்னும் இரண்டு போட்டிருப்பார்கள்.

ஆகையால் எங்கள் வீட்டில் அடி இல்லை. அடுக்களை நிலைப்படிக்கு வெளியே ஒரு கோணிச் சாக்கு. சமையல் நேரத்தில் அதில் படுத்திருந்தால் வேகவைத்த மீன் துணுக்கு சாக்குக்கே போய்ச் சேரும். எழுந்து வந்தால் ஒன்றும் கிடையாது. முதலில் நொடிக்கொரு துணுக்கு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளி. ஸ்கின்னரின் கஞ்சத்தனத்தை இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டேன். குழம்பு மட்டும் தருவதில்லை; வெங்காயம் நாய்க்கு ஆகாது. இவ்வளவும் பயன்பட வேண்டுமானால் மேடை துடைத்துக் கிடக்க வேண்டும், அதுதான் மனிதர்களால் முடிவதில்லை. பழைய வீடுகளின் உத்திரத்தில் தொங்கிய உறி யாருக்கும் புத்தி சொல்லாது. பூனை, எலி, நாய், பிள்ளைகள் எல்லோருக்கும் எட்டாத இடத்தில் தயிர்ச்சட்டியைத் தூக்கி வைத்துவிடும். கண்ணன் ஒருவன்தான் அதையும் மீறினான். அவனுக்கு உறியடி என்று விழாவே எடுக்கிறோம்.

மகாபாரதக் கதையை ஒருநாள் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்கிற சுவாரசியத்தில் சரமையின் பழைய கதையையும் சேர்த்துவிட்டேன். பணிகள் என்ற அசுரக் கூட்டத்தார் ஒளித்துவைத்த பசுக்களைத் தேட இந்திரன் அவளை அனுப்புகிறான். ரிக்வேதத்தில் அவள் அவர்கள் ஆசைகாட்டியதற்கு மசியாத தூது. பிற்கால பிருகத்தேவதை என்ற நூலிலோ அவர்கள் கொடுத்த பாலைக் குடித்துவிட்டு வந்து, பசுவை நான் பார்க்கவே இல்லை என்கிறாள். இந்திரன் ஓர் உதை விட, பால் வெளியே வந்துவிடுகிறது.

மனைவி இறால் உரித்துக்கொண்டே கேட்டாள். “அம்மாக்காரி பார்க்கலன்னா. புள்ளையும் பார்க்கலன்னுது. ரெண்டும் ஒரே பேச்சா இருக்கே?” உரித்த இறாலை மூடி, தட்டின் மேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தாள்.