எல்லாத்துக்கும் ஆகிற பிக்கப்

எலெக்ட்ரிக் கிடார் வாங்கி ஒரு வருஷம் ஆனதும் எல்லோருக்கும் ஒரு வியாதி வரும். "பிக்கப்பை மட்டும் மாத்திட்டா சவுண்டு எங்கேயோ போயிடும்" என்கிற வியாதி. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் கிடார் வாசிக்கிற பசங்களில் எனக்குத் தெரிந்து பாதிப் பேருக்கு இது இருக்கிறது. எனக்கும்தான். கடைக்குப் போனாலும், சீனியர்களைப் பிடித்தாலும் நாங்கள் கேட்பது ஒரே கேள்வி: "அண்ணா, எல்லாத்துக்கும் ஆகிற மாதிரி ஒரு பிக்கப் சொல்லுங்களேன்."

கேள்வி சின்னதுதான். ஆனால் நல்ல வெளிநாட்டு பிக்கப் ஒரு ஜோடி வாங்கினால், நம்மிடம் இருக்கிற கிடாரின் விலையே வந்துவிடும். பல கச்சேரிகளில் ராத்திரி இரண்டு மணி வரை நின்று சேர்த்த காசு அது. அதனால் இந்த ஒரு மாதமாக உட்கார்ந்து படித்து, நண்பர்களின் கிடார்களையெல்லாம் கடன் வாங்கிக் கழற்றிப் பார்த்து, எனக்குப் புரிந்ததை எழுதி வைக்கிறேன். உங்களில் யாருக்காவது காசு மிச்சமானால் சந்தோஷம்.

முதலில் அந்த "எல்லாம்" என்பது என்ன? அமெரிக்கப் புத்தகங்களில் எல்லாம் என்றால் ப்ளூஸ், ஜாஸ், மெட்டல். நமக்கு அது வேறு. சனிக்கிழமை கல்யாண மண்டபத்தில் மெல்லிசைக் கச்சேரி. அங்கே 'இளைய நிலா' (1982) வாசிக்கச் சொல்லி சீட்டு வரும். அது அக்கூஸ்டிக் கிடார் பாட்டு. நம்மிடம் இருப்பதோ எலெக்ட்ரிக். ஒவ்வொரு ஸ்ட்ரிங்கும் தனித்தனியாக, மணி மாதிரி கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை சர்ச். அங்கே கீபோர்டுக்குக் கீழே பதவிசாக கார்ட் வாசிக்க வேண்டும். வார நாட்களில் கல்லூரி பேண்ட். அங்கே டிஸ்டார்ஷன் இல்லாவிட்டால் மரியாதையே கிடையாது. மூன்று இடத்துக்கும் ஒரே கிடார், ஒரே பை, ஒரே மின்சார ரயில். இதுதான் நம்ம "எல்லாம்".

பிக்கப் என்பது என்ன என்று புரிந்தால் பாதிக் குழப்பம் போய்விடும். அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற பட்டறையைப் பார்த்திருப்பீர்கள். எனாமல் பூசிய செப்புக் கம்பியைச் சுற்றுச் சுற்றாகச் சுற்றுவார்கள். பிக்கப்பும் அதே சமாச்சாரம்தான். என்ன, கம்பி தலைமுடி மாதிரி இருக்கும். வழக்கமான 42-ம் நம்பர் கம்பியின் தடிமன் சுமார் 0.06 மில்லிமீட்டர். ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகை பிக்கப் ஒன்றில் அது ஏறக்குறைய 8,000 சுற்று. நடுவில் காந்தம். அந்தக் காந்தம் மேலே இருக்கிற இரும்பு ஸ்ட்ரிங்கையும் கொஞ்சம் காந்தமாக்கிவிடும். ஸ்ட்ரிங் அதிரும்போது காயிலுக்குள் காந்தப்புலம் கூடிக் குறையும். காயிலில் மின்சாரம் பிறக்கும். பன்னிரண்டாம் வகுப்பு ஃபாரடே விதிதான், வேறொன்றுமில்லை. நைலான் ஸ்ட்ரிங் போட்டால் சத்தமே வராததற்கும் இதுதான் காரணம். ஜார்ஜ் போசாம்ப் என்கிற அமெரிக்கர் 1930-களின் தொடக்கத்தில் இதைக் கிடாரில் வைத்தார். 1937-ல் காப்புரிமை கிடைத்தது. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் இந்த அடிப்படையின் மேல் செய்த மாற்றங்கள்தான்.

காயிலுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஸ்ட்ரிங்கின் அதிர்வை மட்டுமல்ல, பக்கத்தில் இருக்கிற கரண்டு சமாச்சாரம் எல்லாவற்றையும் அது பிடித்துக்கொள்ளும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ட்யூப்லைட் சோக், ஃபேன் ரெகுலேட்டர், மண்டபத்து சீரியல் செட், மேடை விளக்கு டிம்மர் எல்லாம் சேர்ந்து ஆம்ப்ளிஃபயரில் "ம்ம்ம்ம்" என்று இரையும். எங்கள் வீடு மாதிரி ரயில் லைன் ஓரமாக இருந்தால் கேட்கவே வேண்டாம். மேலே ஓடும் கம்பியும் அதே 50 ஹெர்ட்ஸ்தான்.

இதற்கு மருந்து கண்டுபிடித்தவர் கிப்ஸன் கம்பெனியில் இருந்த சேத் லவர். 1955-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். யோசனை ரொம்ப எளிமை. ஒன்றுக்குப் பதில் இரண்டு காயில். ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் இணைப்பு, காந்த முனையும் எதிரெதிர். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டு காயிலிலும் எதிரெதிராக வந்து ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். ஸ்ட்ரிங்கின் ஒலியோ இரண்டு தடவை திரும்பி, ஒன்றோடு ஒன்று சேர்ந்துகொள்ளும். இதுதான் ஹம்பக்கர். ஒற்றைக் காயில் பிக்கப்பின் பளிச்சென்ற ஓசை இதில் கொஞ்சம் மங்கும். ஆனால் சத்தம் தடிமனாக, நிறைவாக வரும்.

ஆகவே முதல் முடிவு: பிரிட்ஜ் பக்கம், அதாவது டிஸ்டார்ஷன் போடுகிற இடத்தில், ஹம்பக்கர்தான். டிஸ்டார்ஷன் சின்னச் சத்தத்தையும் பெரிதாக்கிக் காட்டும், இரைச்சலையும் சேர்த்துத்தான். நம்ம மண்டபத்து வயரிங்குக்கு ஒற்றைக் காயிலும் டிஸ்டார்ஷனும் ஒத்துப்போகாது.

சரி, எந்த ஹம்பக்கர்? இங்கேதான் பசங்கள் எல்லோரும் "ஹாட்" பிக்கப் என்று ஓடுகிறார்கள். 1970-களின் தொடக்கத்தில் டிமார்ஸியோ கம்பெனியின் 'சூப்பர் டிஸ்டார்ஷன்' வந்தது. வால்வு ஆம்ப்ளிஃபயரை முன்னாலேயே ஓங்கித் தள்ளி உறும வைக்க அப்போது அது தேவைப்பட்டது. நம் கதை அப்படியா? முக்கால்வாசி நேரம் நமக்கு ஆம்ப்ளிஃபயரே கிடையாது. ஒரு ப்ராசஸர், அதிலிருந்து நேராக மிக்ஸர். டிஸ்டார்ஷன் ப்ராசஸருக்குள்ளேயே வேண்டிய அளவு இருக்கிறது. பிக்கப் முன்கூட்டியே முட்டிக்கொண்டு வந்தால் ப்ராசஸரின் வாசலிலேயே ஒலி கிழியும். அதற்குப் பிறகு க்ளீன் சத்தத்தை எந்தக் குமிழைத் திருகினாலும் வரவழைக்க முடியாது. குழம்பில் உப்பு குறைந்தால் இலையில் போட்டுக்கொள்ளலாம். கூடிப்போனால் என்ன செய்வது?

இன்னொரு விஷயம். சுற்று அதிகமானால் சத்தம் மட்டும் ஏறுவதில்லை, மேல் ஸ்தாயிப் பளபளப்பும் குறையும். கடைகளில் கிலோ ஓம் கணக்கைச் சொல்லி "இது பதினாறு, செம பவர்" என்பார்கள். அது கம்பியின் மின்தடை மட்டுமே. கம்பி இன்னும் மெல்லியதாக இருந்தாலும் அந்த எண் ஏறும். காந்தம் என்ன என்று தெரியாமல் அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது. ஒரே மாதிரிக் கம்பி, ஒரே மாதிரி அமைப்பு என்றால் மட்டும் ஒப்பிடலாம். பழைய கிப்ஸன் பாணி ஹம்பக்கர் 7, 8 கிலோ ஓம் பக்கம் இருக்கும். ஸெய்மூர் டங்கனின் பிரபலமான ஜேபி மாடல் 16-க்கு மேல். முன்னதில் ஒவ்வொரு ஸ்ட்ரிங்கும் தனியாகக் கேட்கும். பின்னது நடு ஸ்தாயியில் முன்னால் வந்து நிற்கும், தனியாக சோலோ வாசிக்க அருமை.

காந்தத்தில் மூன்று பெயர் தெரிந்தால் போதும். ஆல்நிகோ 2 மென்மை, ஆல்நிகோ 5 அதைவிடப் பலம், தெளிவு. செராமிக் பெரும்பாலும் ஹாட் பிக்கப்புகளில் வரும், ஓசை இறுக்கமாக இருக்கும். அலுமினியம், நிக்கல், கோபால்ட் மூன்றின் முதலெழுத்துகள் சேர்ந்ததுதான் ஆல்நிகோ. இரும்பும் அதில் உண்டு. மூன்று வேலைக்கும் ஒரே பிக்கப் என்றால் நடுத்தர சக்தியில் ஆல்நிகோ 5 என்பது என் கட்சி.

வாங்கும்போது அதிலிருந்து நான்கு வயர் வருகிறதா என்று கட்டாயம் பாருங்கள் (எர்த் வயர் தனி). நான்கு இருந்தால் இரண்டு காயிலையும் தனித்தனியாகக் கையாளலாம். வால்யூம் குமிழை மேலே இழுத்தால் ஒரு காயில் மட்டும் வேலை செய்கிற மாதிரி மாற்றிக்கொள்ளலாம். 'இளைய நிலா' கேட்கிறவருக்கு அது. ஆனால் ஒற்றைக் காயிலானதும் இரைச்சலும் திரும்பி வந்துவிடும், மறக்க வேண்டாம். அதற்குப் பதில் இரண்டு காயிலையும் பேரலலாக இணைத்தால் ஓசை மெலிந்து பளிச்சென்று வரும், இரைச்சலும் அடங்கியே இருக்கும். எங்கள் பக்கத்து மண்டபங்களுக்கு இதுதான் சரி.

மெல்லிசைக் கச்சேரியில் வயலின், வீணை, நாதஸ்வர பிட்டுகளையும் கிடாரில் சமாளிக்கச் சொல்வார்கள். கமகம் வர ஸ்ட்ரிங்கை இழுத்து வாசிக்க வேண்டும், ஒலியும் நீண்டு நிற்க வேண்டும். மாண்டலின் ஸ்ரீனிவாஸ் (1969–2014) இரட்டை ஸ்ட்ரிங்குகளை விட்டு, ஐந்து ஒற்றை ஸ்ட்ரிங் கொண்ட எலெக்ட்ரிக் மாண்டலினுக்கு வந்தது இந்தத் தேவையால்தான். கிடாரில் பிரசன்னா இதைச் செய்து காட்டுகிறார். இந்த மாதிரி இழுத்து வாசிப்பவர்கள் கழுத்துப் பக்க பிக்கப்புக்குத் தனித்தனிக் குமிழ் முனைகளுக்குப் பதில் நீளப் பட்டை வைத்த 'ரெயில்' வகையை யோசிக்கலாம். ஸ்ட்ரிங் பக்கவாட்டில் நகர்ந்தாலும் பட்டைக்கு மேலேயேதான் இருக்கும், சத்தம் இறங்காது. ஒற்றைக் காயில் பிக்கப்பின் இடத்திலேயே பொருந்துகிற அளவிலும் கிடைக்கிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு, காசை எடுக்கும் முன் செய்ய வேண்டிய வேலைகள். இவை பிக்கப்பை விட முக்கியம்.

ஒன்று, ஸ்ட்ரிங் மாற்றுங்கள். துருப்பிடித்த ஸ்ட்ரிங்குக்கு எந்த பிக்கப்பும் பதில் சொல்லாது.

இரண்டு, உயரம். பிக்கப்பின் இரண்டு பக்கத்திலும் திருகாணி இருக்கும். கடைசி ஃப்ரெட்டில் ஸ்ட்ரிங்கை அழுத்திக்கொண்டு, பிக்கப்புக்கும் ஸ்ட்ரிங்குக்கும் சுமார் 2 மில்லிமீட்டர் இடைவெளியில் ஆரம்பித்துக் காதால் சரி பாருங்கள். ஒற்றைக் காயில் பிக்கப்பின் காந்தம் ஸ்ட்ரிங்குக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தால் அதையே பிடித்து இழுத்து சுருதியை அலைக்கழிக்கும். கமகம் வாசிக்கிறவருக்கு இது விஷம். கூடவே, சத்தம் மங்கலாக வருகிறது என்று புலம்புகிறவர்கள் கழுத்துப் பக்க பிக்கப்பைக் கொஞ்சம் இறக்கிப் பார்க்கலாம். செலவு பூஜ்யம்.

மூன்று, மல்டிமீட்டர். சத்தமே வராத பிக்கப்பை அளந்து பாருங்கள். சில கிலோ ஓம் காட்டினால் காயில் நன்றாக இருக்கிறது, கோளாறு சுவிட்சிலோ சால்டரிலோ. எண்ணே வராவிட்டால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது.

நான்கு, உள்ளே இருக்கிற பொட்டென்ஷியோமீட்டர். ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம், ஒற்றைக் காயிலுக்கு 250 என்பது வழக்கம். ஹம்பக்கரை 250-ல் மாட்டினால் மேல் ஸ்தாயி மழுங்கும். பிக்கப்பைத் திட்டிப் பயனில்லை. குமிழ், சுவிட்ச், சால்டர் எல்லாவற்றுக்கும் ரிச்சி தெரு ஒரு நடை போனால் போதும்.

ஐந்து, அளவு. ஹம்பக்கரில் முதல் ஸ்ட்ரிங்குக்கும் ஆறாவது ஸ்ட்ரிங்குக்கும் நேரான முனைகளின் தூரம் சிலவற்றில் 50 மில்லிமீட்டர் அளவு, ட்ரெமலோ பிரிட்ஜ் கிடார்களுக்கானதில் 52, 53. ஸ்கேல் வைத்து அளந்துகொண்டு போங்கள். புது பிக்கப்பைப் பழையதோடு சேர்த்து வாசிக்கும்போது மூக்கடைத்த மாதிரி சத்தம் வந்தால் இரண்டும் எதிர்த் திசையில் இணைந்திருக்கிறது. ஒன்றின் இரண்டு வயரை இடம் மாற்றினால் சரியாகும்.

ஆறாவதாக ஒன்று, பணத்தை விடப் பெரியது. மைக்கில் உதடு பட்டதும் சுரீரென்று அடித்தால் அது பிக்கப்பின் குற்றம் அல்ல, அந்த இடத்தில் எர்த் இல்லை. எந்த பிக்கப்பும் அதைக் குணப்படுத்தாது. எர்த் சரியாகும் வரை மேடையில் கிடாரைத் தொடாதீர்கள். பாட்டு தாமதமானால் ஆகட்டும்.

எனக்கு நான் எடுத்த முடிவு இது. ஜோடியாக வாங்கப் போவதில்லை. பிரிட்ஜில் மட்டும் நான்கு வயர், ஆல்நிகோ 5, நடுத்தர ஹம்பக்கர் ஒன்று; ஸெய்மூர் டங்கனின் '59 மாடல் மாதிரி. கூட ஒரு 500 கிலோ ஓம் இழுப்புக் குமிழ், பேரலல் இணைப்பில். கழுத்துப் பக்கமும் நடுவிலும் கம்பெனி போட்டுக் கொடுத்ததே இருக்கட்டும். உயரத்தைச் சரிசெய்த பிறகு அந்தக் கழுத்துப் பக்க பிக்கப்பின் மேல் எனக்கு ஒரு புகாரும் இல்லை. மிச்சக் காசில் நல்ல கேபிள் ஒன்றும், இரண்டு செட் ஸ்ட்ரிங்கும்.

நீங்கள் கடைக்குக் கிளம்பும் முன், போன மாதம் எந்தெந்த மேடையில் என்னென்ன பாட்டு வாசித்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பத்தில் எட்டு க்ளீன் சத்தமாக இருந்தால் ஹாட் பிக்கப் பக்கமே போகாதீர்கள். பத்தில் எட்டு மெட்டல் என்றால், தாராளமாக ஜேபியோ அதற்கு மேலோ வாங்குங்கள். என் தாளில் ஏழு க்ளீன், மூன்று டிஸ்டார்ஷன் வந்தது.